நோயைச் சொன்னவர் நஷ்டப்படக் கூடாது



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, கணக்கு எழுதுவது என்று பல பாடங்களை இந்தப் பக்கத்தில் படித்து வருகிறோம். இந்த மாதப் பாடம் கொடிய தொற்றுநோய்கள் பற்றியது. "கொரோனாதான் போயிடுச்சே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நோய் இல்லாத நாளில்தான் இதை நிதானமாகப் பேச முடியும். வந்த பிறகு பேச நேரம் இருக்காது, பயம் மட்டும்தான் இருக்கும்.

நம் புதுவாயல் கூட்ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சென்னையிலிருந்து ஆந்திரா, ஒடிசா தாண்டி கல்கத்தா வரைக்கும் போகிற ஜி.என்.டி. ரோடு இது. இரவு பகலாக லாரி ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு வண்டிகள் போகின்றன. பீகார், ஒடிசா, வங்காளத்துப் பிள்ளைகள் ஒரு அறைக்குப் பத்துப் பேர் என்று தங்கி வேலை செய்கிறார்கள். ஆடி மாதம் வந்தால் பெரியபாளையத்து பவானி அம்மன் கோயிலுக்கு இந்த வழியாகக் கூட்டம் போகிறது. இத்தனை ஆட்கள் வந்து போவதால்தான் நமக்குப் பிழைப்பு. ஆள் வருகிற வழியாகத்தான் நோயும் வரும். அதனால் மற்ற ஊர்களைவிட நமக்கு இந்தப் பாடம் கூடுதலாகத் தேவை.

கொடிய நோய் வந்தபோதெல்லாம் அரசும் மக்களும் என்ன செய்தார்கள், காலப்போக்கில் அது எப்படி மாறியது என்று பார்ப்போம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: "எங்க வீட்டுல நோய் வந்திருக்கு" என்று ஒரு குடும்பம் வெளியே சொன்னால், அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று?

வைரஸ் என்றால் என்ன?

வைரஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய கிருமி. அது தானாக வளராது. நம் உடம்பில் உள்ள செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். சளிக்காய்ச்சல், பெரியம்மை, தட்டம்மை, டெங்கு, எச்.ஐ.வி., நிபா, கொரோனா எல்லாம் வைரஸால் வருபவை. மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கிப் போடுகிற ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியா என்ற வேறு வகைக் கிருமியைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. பல வைரஸ் நோய்களுக்கு இன்றைக்கும் நேரடி மருந்து கிடையாது. ஆகவே, வருமுன் தடுப்பதும், வந்தவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகாமல் நிறுத்துவதும்தான் முக்கிய வழி.

வாசலில் வேப்பிலை

உலகம் கண்ட கொடிய வைரஸ் நோய்களில் பெரியம்மை முதன்மையானது. வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண் பார்வை போனது.

நம் முன்னோர்கள் அதை மாரியம்மன் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். அந்த வீட்டார் விருந்து, விசேஷம் என்று எங்கும் போகமாட்டார்கள். நோயாளிக்குத் தனி இடம், தனித் துணி. தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை இந்தக் கட்டுப்பாடு இருக்கும்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. வேப்பிலை என்பது ஒரு அறிவிப்பு. "இங்கே நோய் இருக்கிறது, தள்ளி இருங்கள்" என்று வெட்கமில்லாமல் ஊருக்குச் சொல்வது. அப்படிச் சொன்ன வீட்டை யாரும் கேவலமாகப் பேசவில்லை. மரியாதையாகவே பார்த்தார்கள். ஆனால் வேப்பிலையால் சாவைத் தடுக்க முடியவில்லை. அம்மனுக்குக் கோபம் வரும் என்று தடுப்பூசிக்குப் பயந்து ஒளிந்தவர்களும் நிறைய பேர்.

பெரியம்மைக்குத் தடுப்பூசியை 1796-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். மாட்டுக்கு வரும் லேசான அம்மையை மனிதருக்குக் குத்தினால் பெரியம்மை வராது என்று காட்டினார். 1802 ஜூன் மாதம் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு இந்தியாவில் முதன்முதலாக அது போடப்பட்டது. அதே ஆண்டு சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஐஸ் பெட்டி கிடையாது. ஒரு குழந்தையின் கையில் வந்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்திக் குத்தித்தான் ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1899-ல் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டு, கன்றுக்குட்டிகளின் தோலில் அம்மைப்பால் வளர்த்துத் தயாரித்தார்கள். 2020-ல் தமிழ்நாட்டில் கொரோனா பரிசோதனை முதலில் தொடங்கியதும் அதே கிங் இன்ஸ்டிடியூட்டில்தான்.

நம் அம்மா, பாட்டி கையில் வட்டமாக ஒரு பெரிய தழும்பு பார்த்திருப்பீர்கள். அது பெரியம்மைக்குக் குத்திய தழும்பு. இளையவர்கள் தோளில் இருக்கும் சின்னத் தழும்பு வேறு. அது காசநோய்க்காகப் போடும் பி.சி.ஜி. ஊசியுடையது.

மிரட்டினால் ஒளிப்பார்கள்

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. பிளேக் வைரஸ் நோய் அல்ல, பாக்டீரியா நோய். ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. ஏனென்றால் அதற்காக 1897-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்த தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020-ல் கொரோனாவுக்கும் பயன்பட்டது.

புனா நகரத்தில் சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து தேடினார்கள். பெண்களைச் சோதனை என்ற பேரில் அவமானப்படுத்தினார்கள். நோயாளிகளையும் அவர்களோடு இருந்தவர்களையும் முகாமுக்கு இழுத்துப் போனார்கள். சாமான்களை எரித்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? நோயாளியை ஒளித்து வைத்தார்கள். இராவோடு இராவாக ஊரை விட்டுப் போனார்கள், நோயும் கூடவே போனது. ஆத்திரம் முற்றி, 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார்.

அடுத்து 1918-ல் வந்தது விஷ சளிக்காய்ச்சல். முதல் உலகப் போர் நேரத்தில் கப்பலில் பம்பாய்க்கு வந்து, ரயில் பாதை வழியாக நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த நோய் வைரஸால் வருகிறது என்பதே அப்போது தெரியாது. மனிதரிடம் உள்ள அந்த வைரஸை 1933-ல்தான் பிரித்தெடுத்தார்கள். இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று யோசித்தால் காரணம் நமக்கே புரியும். நாடு கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரைதான்.

இதற்கெல்லாம் பிறகு, 1939-ல் சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. இந்தியாவிலேயே அப்படிப்பட்ட சட்டத்தில் அதுதான் முதலாவது. நோய் வந்த பிறகு ஓடுவதோடு, குடிநீர், சாக்கடை, தடுப்பூசி என்று எப்போதும் கவனிக்க ஒரு துறையே வேண்டும் என்ற எண்ணம் நம் மாநிலத்தில் அப்போதே வேரூன்றியது.

வீடு வீடாகக் கேட்டார்கள்

நாட்டில் எல்லோருக்கும் அம்மை குத்திவிட்டால் பெரியம்மை போய்விடும் என்று நினைத்து, 1962-ல் இந்திய அரசு தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கானவர்களுக்குக் குத்தினார்கள். ஆனாலும் நோய் போகவில்லை. எப்போதும் யாராவது விடுபட்டார்கள்.

அந்த நேரத்தில் சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். பெரியம்மை வந்த 254 குடும்பங்களை விசாரித்து, 1968-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களில், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 37 பேர் அளவுக்கு நோய் வந்தது. போட்டிருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். பெரியம்மை பெரும்பாலும் நெருங்கிப் பழகுகிறவர்களுக்கு, முக்கியமாக ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தொற்றுகிறது என்பது தெளிவானது.

1966 கடைசியில் ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் வில்லியம் ஃபேகி என்ற மருத்துவருக்குத் தடுப்பூசி போதவில்லை. இருந்ததை வைத்து, நோய் வந்தவரைத் தேடிப் பிடித்து, அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் போட்டார். நோய் நின்றுவிட்டது. வயலில் தீப்பிடித்தால் ஊர் முழுக்கத் தண்ணீர் ஊற்றுவதில்லை. தீயைச் சுற்றி வரப்பு வெட்டி நிறுத்துகிறோம் அல்லவா, அதுபோல.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோய் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். யாரோ ஒருவர் சொல்ல வேண்டும்.

1974-ல் வட இந்தியாவில், முக்கியமாக பீகாரில் பெரியம்மை கொடூரமாகப் பரவியது. நாட்டில் ஒரே ஆண்டில் 1,88,000 பேருக்கு வந்து, 31,000 பேர் இறந்தார்கள். அப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். அம்மை வந்த குழந்தையின் படம் போட்ட அட்டையைக் காட்டி, "இந்த மாதிரி யாருக்காவது வந்திருக்கா?" என்று கேட்டார்கள். சந்தையில் கேட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். தகவல் சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்து, படிப்படியாக உயர்த்தி 1975-ல் 1000 ரூபாய் ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். சில ஊர்களில் கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டாயமாகக் குத்தியதும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மொத்தத்தில், புனாவில் நடந்ததற்கு நேர் எதிராக, நோயைச் சொன்னவருக்கு லாபம் இருந்தது.

பலன் என்ன தெரியுமா? 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1977-ல் ஆப்பிரிக்காவின் சோமாலியாவில் ஒருவருக்கு வந்ததுதான் உலகத்தில் இயற்கையாக வந்த கடைசிப் பெரியம்மை. 1980 மே 8 அன்று உலகமே விடுபட்டதாக உலக சுகாதார மன்றம் அறிவித்தது. மனிதருக்கு வரும் நோய்களில் முழுவதுமாக ஒழிக்கப்பட்டது இன்று வரை அது ஒன்றுதான்.

இரகசியமும் ஒரு மருந்து

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். இது அம்மை மாதிரி அல்ல. வந்தது ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாது. உடலுறவு, இரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்ற வழிகளில் மட்டும் பரவும். தொட்டால், ஒன்றாகச் சாப்பிட்டால், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் வராது.

ஆனால் முதலில் நடந்தது பழைய தவறுதான். 1989-ல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் இரத்த தானம் செய்யப் போன இடத்தில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவரைப் போலீசை வைத்துப் பிடித்து, 64 நாள் தனியாக அடைத்து வைத்தார்கள். அவர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. இதைக் கேட்ட பிறகு யார் தைரியமாகப் போய்ச் சோதனை செய்துகொள்வார்கள்?

நம் ஜி.என்.டி. ரோட்டு ஊர்களில் லாரி டிரைவர், கிளீனர் குடும்பங்கள் இந்தக் கஷ்டத்தை அறியும். புருஷனிடமிருந்து நோய் வந்து, புருஷன் இறந்தபின் "நீதான் காரணம்" என்று வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பெண்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர்.

மாற்றம் மெல்ல வந்தது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. இந்தியாவில் மாநில அளவில் அதுதான் முதலாவது. 1998-ல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களே சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். கௌசல்யா என்ற நாமக்கல் பக்கத்துப் பெண் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் முன்னால் நின்றார். 2000-களில் "புள்ளி ராஜா" விளம்பரம் சுவரெல்லாம் இருந்தது நினைவிருக்கும். 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் அரசு மருத்துவமனை உட்பட நாட்டின் சில மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுபவர்கள் மற்றவர்களைப் போல வேலை செய்து, குடும்பம் நடத்தி வாழ்கிறார்கள். கர்ப்பிணிக்குச் சரியான நேரத்தில் மருந்து கொடுத்தால் குழந்தைக்கு வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடத்துக்கு "நம்பிக்கை மையம்" என்று பெயர் வைத்ததே ஒரு பாடம். அங்கே சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் பேசுவார். முடிவை வேறு யாரிடமும் சொல்ல மாட்டார். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் சம்மதம் இல்லாமல் சோதிப்பதும், நோயை வெளியே சொல்வதும், வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ விலக்குவதும் தவறு. அரசின் இலவச உதவி எண் 1097.

பெரியம்மை காலத்தில் ஊருக்கே சொல்ல வேண்டியிருந்தது. எச்.ஐ.வி.க்கு இரகசியம் காப்பதுதான் மருந்து. இரண்டிலும் அடிப்படை ஒன்றேதான்: சொல்வதால் தனக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கை.

எபோலாவும் நிபாவும்

2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோயால் 11,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2014 ஆகஸ்டில் லைபீரியா நாட்டின் தலைநகரில் வெஸ்ட் பாயின்ட் என்ற குடிசைப் பகுதியை இராணுவம் சுற்றி வளைத்து அடைத்தது. கலவரம் வந்தது, சுடப்பட்டு ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். பிறகு அந்தந்தப் பகுதி ஆட்களே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு அழும் வழக்கத்தால் நோய் பரவியது. அதனால் மதப் பெரியவர்களோடு பேசி, குடும்பத்தார் தள்ளி நின்று பிரார்த்தனை செய்ய, மரியாதையாகவும் பாதுகாப்பாகவும் அடக்கம் செய்யும் முறையைக் கொண்டு வந்தார்கள். அதன்பின் குடும்பங்கள் மறைக்காமல் சொல்ல ஆரம்பித்தன. 2015-ல் கினி நாட்டில் புதிய எபோலா தடுப்பூசியைச் சோதித்தபோது, பெரியம்மைக்குச் செய்த அதே முறையில், நோயாளியைச் சுற்றி இருந்தவர்களுக்குப் போட்டார்கள். அது பலித்தது.

நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து மனிதருக்கு வரும் நோய் அது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் லினி என்ற இளம் செவிலியரும் ஒருவர், முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர். ஆனால் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோய் வருவதைக் கவனித்த மருத்துவர்கள் உடனே சந்தேகப்பட்டு மாதிரியை அனுப்பினார்கள். நோயாளிகளோடு பழகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பட்டியல் போட்டுத் தினமும் விசாரித்தார்கள். சில வாரங்களில் பரவல் நின்றது. நிபாவுக்குத் தடுப்பூசியோ உறுதியான மருந்தோ இல்லாமலே இதைச் செய்தார்கள்.

வாசலில் தகரம்

கொரோனா நாம் எல்லோரும் பட்ட அனுபவம். 2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டில் முதல் நோயாளி தெரிந்தார். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்கு நோய் பரவி, காய்கறிச் சந்தையை நம் மாவட்டத்துத் திருமழிசைக்கு மாற்றினார்கள். வேலையும் கூலியும் இல்லாத வடமாநிலத் தொழிலாளர்கள் இதே ஜி.என்.டி. ரோட்டில் நடந்தும் சைக்கிளிலும் ஊருக்குப் போனதை மறக்க முடியாது.

விஞ்ஞானம் இந்த முறை வேகமாக ஓடியது. 2020 ஜனவரியில் வைரஸின் மரபணு விவரம் வெளியானது. 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கியாகிவிட்டது. ஒரே ஆண்டு! ஆனால் பயம் மட்டும் பழைய வேகத்திலேயே இருந்தது. நோய் வந்த வீட்டு வாசலில் சென்னையில் தகரம் வைத்து அடைத்தார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யப் போன இடத்தில் ஆம்புலன்சைக் கல்லால் அடித்தார்கள். அந்த மாதமே மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் கடும் தண்டனை என்று 1897 சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது.

வேப்பிலையையும் தகரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் "உள்ளே நோய்" என்றுதான் சொல்கின்றன. வேப்பிலையை அந்த வீட்டாரே வைத்தார்கள். தகரத்தை வேறு யாரோ வந்து அடித்தார்கள். தகரத்துக்குப் பயந்து எத்தனை பேர் காய்ச்சலைச் சொல்லாமல் டோலோ மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள் என்று நமக்குத் தெரியும்.

பலித்தது எது? தெருத் தெருவாக நடந்த காய்ச்சல் முகாம்கள். வீட்டுக்கு வந்து விசாரித்த பணியாளர்கள். ரேஷன் கார்டுக்குக் கொடுத்த அரிசியும், 2020-ல் 1000, 2021-ல் 4000 ரூபாயும். வீட்டோடு இரு என்று சொன்னால் சோறும் கொடுக்க வேண்டும். இதில் நம் மாதிரிப் பெண்கள் செய்தது கொஞ்சம் அல்ல. சென்னையில் குழுப் பெண்கள் நடத்தும் அம்மா உணவகங்கள் ஊரடங்கிலும் அடுப்பை அணைக்கவில்லை. மாநிலம் முழுக்கக் குழுக்கள் முகக்கவசம் தைத்துக் கொடுத்தன. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் சமுதாயச் சமையற்கூடம் நடத்தி, தனித்திருந்த வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பினார்கள்.

அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கொரோனாவால் 38,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த நோய்க்குத் தயாராவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

நம் குழு என்ன செய்யலாம்?

ஒரு உறுப்பினர் கூட்ரோட்டில் இட்லிக்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மகனுக்கு ஒரு புதுவிதக் காய்ச்சல். வெளியே சொன்னால் பத்து நாள் கடை மூட வேண்டும். மாதத் தவணை நிற்கும். கூட்டத்துக்கு வராததால் அபராதம். குணமான பிறகும் "அந்தக் கடையில சாப்பிடாதீங்க" என்ற பேச்சு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். இப்படி இருந்தால் அவர் சொல்வாரா? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா? அவர் சொல்லாவிட்டால் மறுநாள் காலை அந்தக் கடையில் சாப்பிடும் அத்தனை பேருக்கும் ஆபத்து.

"ஏன் மறைச்சே?" என்று பிறகு சண்டை போடுவதைவிட, மறைக்கத் தேவையில்லாத நிலையை முன்பே உண்டாக்குவது நம் கையில் இருக்கிறது. கீழே உள்ளவற்றைக் கூட்டத்தில் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

1. தொற்று நோயால் கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம் இல்லை. அவருடைய உள்கடன் தவணையை ஒரு மாதமோ இரண்டு மாதமோ தள்ளி வைக்கலாம். கடன் வரிசையில் அவர் முறை போகாது.

2. சேமிப்போடு சேர்த்து மாதம் பத்து ரூபாயாவது நோய்க்கால நிதி என்று தனியாக எழுதி வையுங்கள். இருபது பேர் உள்ள குழுவில் ஒரு வருடத்தில் 2,400 ரூபாய் சேரும். ஒரு குடும்பத்தின் பத்து நாள் அரிசி, பருப்புக்கு அது உதவும்.

3. தனித்திருக்கும் வீட்டுக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோக இரண்டு பேரை முன்பே முடிவு செய்யுங்கள். வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று நாலு வார்த்தை பேசுங்கள். அந்தப் பேச்சும் மருந்துதான்.

4. ஒரே தெருவில் ஒரே வாரத்தில் மூன்று வீட்டுக்கு ஒரே மாதிரிக் காய்ச்சல் என்றாலோ, காய்ச்சலோடு மூச்சுத்திணறல், வலிப்பு, நினைவு தப்புவது, இரத்தக் கசிவு என்று பார்த்தாலோ, அன்றே கிராம சுகாதாரச் செவிலியரிடம் அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். ஆபத்தான நிலை என்றால் 108. நீங்கள் சொல்வது வீண்போகாது. 2004-ல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் இப்படிப்பட்ட தகவல்கள் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போய்ச் சேர ஏற்பாடு இருக்கிறது.

5. சொல்ல வேண்டியது நர்ஸம்மாவிடம், தெருவிடம் அல்ல. வாட்ஸ்அப் குரூப்பில் நோயாளியின் பெயர், போட்டோ போடக் கூடாது.

6. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அறை வாடகைக்கு விடும் உறுப்பினர்கள் இருக்கிறோம். "காய்ச்சல் வந்தால் சொல்லு, வெளியே அனுப்ப மாட்டேன்" என்பதை நோய் வருவதற்கு முன்பே அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். துரத்தினால் அந்தப் பையன் பக்கத்துத் தெருவில் இன்னொரு அறைக்குத்தான் போவான். நோயும் அங்கே போகும்.

7. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை ஊசி விட்டுப்போயிருந்தால் செவிலியரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். வேலைக்கு வந்திருக்கும் வெளியூர்க் குடும்பங்களின் குழந்தைகளையும் கேளுங்கள். ஊசி போட ஊர் முகவரி தேவையில்லை.

கூட்டத்தில் கலந்து பேச

ஊக்குநர் கீழ்க்கண்ட கேள்விகளைப் படிக்க, எல்லோரும் பதில் சொல்லலாம்.

1. உங்கள் குடும்பத்தில் பெரியம்மையைப் பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்களா? அவர்கள் கையில் உள்ள தழும்பைப் பற்றிக் கேட்டு வந்து சொல்லுங்கள்.

2. புனாவில் 1897-ல் மக்கள் ஏன் ஒளித்தார்கள்? 1975-ல் ஏன் முன்வந்து சொன்னார்கள்?

3. கொரோனா நேரத்தில் நம் தெருவில் நோயைச் சொன்ன குடும்பத்துக்கு என்ன நஷ்டம் வந்தது? அதில் நம்மால் தடுத்திருக்கக் கூடியது எது?

4. எந்த நோயை எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும், எந்த நோயை இரகசியமாகக் காக்க வேண்டும்? ஏன்?

5. மேலே சொன்ன ஏழில் எவற்றை நம் குழு இந்த மாதமே தீர்மானமாக எழுதும்?

எழுதிய தீர்மானத்தை ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுவும் ஒரே மாதிரி விதி வைத்தால், எந்தத் தெருவில் இருக்கிற பெண்ணும் தைரியமாக வாயைத் திறப்பாள். முதல் வீடு முதல் நாளே சொன்னால், மிச்சமுள்ள வீடுகள் பிழைக்கும்.